பற்றி

டிஸ்கஸ் என்ற சொல்லுக்குப் பின்னால்
அபவுட் வராது.
மூன்று வருடமாக
சிவதாசன் சாரின் கடிதங்களில்
முதலில் அதைத்தான் அடிக்கிறேன்.
மறுநாள் முளைத்திருக்கும்,
கோரைக்கிழங்கு மாதிரி.

கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டாமல்
இடதுபக்கம் ஒடிந்தால் எங்கள் மில்.
மட்டை கேரளாவிலிருந்து வரும்.
நார்த்தூள் கட்டியாகி ராட்டர்டாமுக்குப் போகும்.
நடுவில் ஒரு ஃபேனுக்கடியில் நான்.
'கண்டெய்னர் ஈரத்தில் வந்தது' என்று வந்தால்
ஈரமாக வந்ததா, மழையில் வந்ததா என்று
ஆளைப் பிடித்துக் கேட்டு எழுதுகிறவள்.

பையில், சுவரில், வாசலில்.
நமக்கு ஒரே 'இல்' போதும்.
அங்கே இன், ஆன், அட்.
பூட்டுக்கொரு சாவி.
மாற்றிப் போட்டால் திறக்கும்,
ஆனால் கதவு முனகுவது
கேட்கிறவனுக்குக் கேட்டுவிடும்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றேகாலுக்கு
மயிலாத்தாளின் கை போயிருச்சு.

அப்படித்தான் சொன்னார்கள் எல்லாரும்.
எடைமேடை ஷைலஜா ஓடி வந்து
'கை போயி' என்றாள்.
அதை யாரும் மாற்றி எழுத வேண்டியிருக்கவில்லை.

இன்சூரன்ஸுக்கு இங்கிலீஷில் வேண்டும்.
சார் எழுதித் தந்திருந்தார்:
தொழிலாளி தன் கையை மெஷினுக்குள் வைத்தார்.
'கொஞ்சம் நேச்சுரலா மாத்திக் குடும்மா.
அர்த்தம் மாறக்கூடாது.'

மாற்றினேன்.
கை மெஷினோடு தொடர்புக்கு வந்தது.
ஏதோ தூரத்துச் சொந்தம்
கல்யாணத்தில் பார்த்துக்கொண்ட மாதிரி.
அடித்தேன்.
கை மெஷினால் பிடிக்கப்பட்டது.
'ஆல் வேண்டாம்' என்றார் சார்.
'மெஷினால்னா,
மெஷின் யாரோடதுன்னு அடுத்த கேள்வி வரும்.'

கவர் கழன்று விழுந்து பதினெட்டு நாள்.
அதை எந்த இடத்தில் வைத்தாலும்
சார் பேனா தொட்டு எடுத்துவிடுகிறது,
இலையிலிருந்து கறிவேப்பிலையை எடுப்பதுபோல்.

சம்பவம் நடந்த இடம்
என்று ஒரு சின்னக் கட்டம்.
மெஷின் தமிழ்நாட்டில் இருக்கிறது.
தூள் காயும் களம் கேரளாவில்.
நடுவே பெல்ட் ஓடுகிறது, நாள் முழுக்க,
யாரும் நிறுத்தி பர்மிட் கேட்காமல்.
ஒரு விரல் இந்தப் பக்கமே கிடைத்தது.
இன்னொன்றைச் சாயங்காலம் வரை
அந்தப் பக்கத்துத் தூளில்
சலித்துக்கொண்டிருந்தார்கள்.
அட் போடுவதா, ஆன் போடுவதா,
அக்ராஸ் என்று ஒன்று இருக்கிறதே அதையா?
கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

பொள்ளாச்சி ஜி.எச்.
பெண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில்.
இடது பெருவிரலை மையில் வைக்கப் போனவள்
நிறுத்திவிட்டுக் கேட்டாள்:
'என்ன கண்ணு போட்டிருக்குது?'

தாளில் 'தொடர்புக்கு வந்தது' இருந்தது.
அதைத் தமிழில் சொல்ல
என் வாய்க்கு வரவில்லை.
'மெஷின் உங்க கையைப் புடிச்சிருச்சுன்னு.'

யோசித்தாள்.
சரியான சொல்லுக்காக என்னைத் தவிர
வேறு ஒருவர் அப்படி யோசித்து
நான் பார்த்ததில்லை.
'புடிச்சா உடும், அம்மிணி.
எம்பட மாமியாகூட புடிச்சா உட்டுரும்.
அது இழுத்துது.
உள்ள இழுத்துது.
அப்படிப் போடு.'

மையை மூடினேன்.
கையெழுத்து வாங்காமல்
ஒன்பதாம் நம்பர் பஸ்ஸில் திரும்பினேன்.
வழியெல்லாம் லாரிகள்,
மட்டை ஏற்றியவை, இறக்கியவை.

ஆபீஸில் சார் இல்லை.
தி மெஷின் புல்டு ஹெர் ஹேண்ட் இன்.
ஏழு சொல்.
கடைசிச் சொல்லுக்குப் பின்னால்
எதுவும் வராது. வரவேண்டியதில்லை.
எண்ணிப் பார்த்தேன், ஆறுதான்.
கவர் இல்லாத, என்பதை
மெஷினுக்கு முன்னால் சேர்த்தேன்.

பிரிண்ட் கொடுத்தேன்.
தாளின் ஓரத்தைப் பற்றி
பிரிண்டர் உள்ளே இழுத்தபோது
விரலை எடுத்துக்கொண்டேன்.